எந்த வெள்ளை எடுப்பு?

முன்னறைச் சுவரில் மூன்று இடங்களில் சுண்ணாம்பு பூசிக் காட்டியிருந்தார் வெள்ளையடிக்க வந்த ஏசுஅடிமை. ஒரு வெள்ளையில் துளி நீலம், ஒன்றில் துளி மஞ்சள், இன்னொன்றில் துளி காவி. எதை அடிக்கச் சொல்வது என்று தெரியாமல், உமையம்மை தன் பிள்ளையை ஒவ்வொன்றின் முன்னாலும் நிறுத்திப் பார்த்தாள்.

“நீலம் ஆகாது. மொகம் இன்னும் கறுத்துத் தெரியுது. மஞ்சளுக்கு முன்னால நில்லு, மக்கா.”

“போம்மா! நாளைக்கு வாறவங்க ஆளைப் பாக்க வாறாங்களா, செவரைப் பாக்க வாறாங்களா?”

“போன தடவை வந்தவங்க கறுப்புன்னு சொல்லி எழும்பிப் போனது மறந்துபோச்சா?”

“கறுப்புன்னா மனுசப் பிறவி இல்லியா? நான் என்ன சந்தையில கட்டின மாடா? பல்லையும் பிடிச்சுப் பாக்கச் சொல்லு! இப்படி நெறம் பாக்குத வீட்டுல எனக்குச் சம்பந்தமே வேண்டாம்!”

உமையம்மைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“இரணியல் பொண்ணு மூக்கும் முழியுமா லட்சணமாத்தானே இருந்தா? கறுப்புன்னு சொல்லி, அவ குடுத்த காப்பியைக்கூடக் குடிக்காம எழும்பி வந்தது யாருலே? நானா? மீசையை முறுக்காம மஞ்சளுக்கு முன்னால நில்லு, தாணு!”