ஹவாய் மாலை

துரை பங்களாவில் இரவல் வாங்கிய வெளிநாட்டுப் பத்திரிகையைப் பார்த்துப் பார்த்து, தன் குவாட்டர்ஸ் முன்னறையை ஹவாய்த் தீவாக மாற்றிக்கொண்டிருந்தார் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் குமாரவேலு. தரையில் பாய், வாழையிலையில் அன்னாசித் துண்டுகள், உடம்பில் வாந்தியெடுத்த மாதிரி ஒரு பூப்போட்ட சட்டை.

மனைவி தனபாக்கியத்துக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"என்ன கூத்து இது?"

"கூத்தில்ல. புருஷனும் பொஞ்சாதியும் வேற நாட்டுச் சம்பிரதாயத்த வீட்டுலயே செஞ்சு பாக்கணுமாம். சந்தோஷம் கூடுமாம்."

"பொங்கலுக்குக் கோலம் போட்டா, மூடப்பழக்கம்னு கால்லயே அழிச்சு விடுவீங்க."

"அது வேற, இது வேற. இதுல ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் இருக்கு."

அர்த்தம் தெரிஞ்ச மூஞ்சியப் பாரு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். மலைக்குளிரில் அந்த மெல்லிய சட்டைக்காரருக்குப் பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது.

அவர் இரண்டு செவ்வந்தி மாலைகளைக் கொண்டுவந்தார். ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார்.

"மாலை போட்டாத்தான் விருந்தே ஆரம்பமாகும். மொதல்ல நீ எனக்குப் போடு. அப்புறம் நான் போடுறேன்."

அவள் அதைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டாள்.

"அட, நீயே போட்டுக்கிட்டா அதுல என்ன அர்த்தம்? நானில்ல ஒனக்குப் போட்டுவிடணும்?"

"எனக்குப் பழகிப்போச்சுங்க."

மாலைக்கடியில் கிடந்த தாலியை வெளியே இழுத்துக் காட்டினாள்.

"கல்யாணத்துக்கு நான் கோயிலுக்குக் கூப்பிட்டப்ப, தாலி கட்டுறது காட்டுமிராண்டித்தனம்னு சொல்லி என்னைச் சும்மாவே கூட்டியாந்து குடித்தனம் வச்சீங்க. லயத்துல குடியிருக்கிற சனத்தோட வாய்க்குப் பயந்து, இதையும் நானேதான் கண்ணாடியப் பாத்துக் கட்டிக்கிட்டேன்."