மூலையில் ஒரு கிறுக்கல்

பங்க்காரருடைய மருமகனின் ஆள்காட்டி விரலில் மை இருந்தது. ஓட்டுப் போட்டதற்கு நகத்தில் வைக்கும் கறுப்பு மை அல்ல. பேனாவிலிருந்து வந்த நீல மை.

“பாத்துக்குங்க சார். கட்டைப் பிரிச்சதுலேர்ந்து குனிஞ்சு குனிஞ்சு நின்னது இவன்தான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” என்று மருமகனின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான் நர்ஸின் தம்பி. தம்பி எலெக்ட்ரீஷியன்; இன்றைக்கு வேட்பாளரான அக்காவுக்கு ஏஜெண்ட், மருமகன் பங்க்காரருக்கு.

பள்ளிக்கூடத்தின் வகுப்பறை ஒன்றில் வார்டு கவுன்சிலர் தேர்தலின் ஓட்டு எண்ணிக்கை நடந்தது. கரும்பலகையில், அழிக்காமல் விட்ட ஏழாம் வாய்ப்பாட்டுக்குக் கீழே இரண்டே வரிகள்: பங்க்காரர் 407, நர்ஸ் 407. மேசையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வாக்குச்சீட்டு.

முத்திரை நர்ஸின் சின்னத்தின் மேல் கச்சிதமாக விழுந்திருந்தது. ஆனால் சீட்டின் கீழ்மூலையில் நீல மையில் ஒரு கிறுக்கல், மண்புழு நெளிந்தாற்போல.

பெட்ரோல் பங்க் முதலாளியான பங்க்காரர் இரண்டு முறை கவுன்சிலராக இருந்தவர். நகராட்சி இடத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திவந்த சின்ன ஆஸ்பத்திரியைக் காலி செய்துவிட்டு அங்கே கடைகள் கட்டப் போவதாக அவர் மேடையிலேயே சொல்லியிருந்தார். அது போனால் அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும்.

ஊசி, மருந்துச் சீட்டு, கையெழுத்து, ‘அடுத்த ஆள்’ என்று அந்த ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடத்தைக் கழித்தவள் நர்ஸ். அதைக் காப்பாற்றத்தான் தேர்தலில் நின்றாள். ஓட்டுப் போடும் நாளில்கூட லீவு எடுக்கவில்லை. வரிசையைக் காக்க வைத்துவிட்டு யூனிஃபார்மோடு ஓடி வந்து ஓட்டுப் போட்டாள். மறைப்புக்குப் பின்னாலிருந்து வெளியே வரும்போது, “அடுத்த ஆள் வாங்க” என்று கூப்பிட்டிருக்கிறாள். தம்பி அதை இரண்டு நாளாக எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

இப்போது அவன் சிரிக்கவில்லை. தன் பேனா கசிகிறது என்று மருமகன் சட்டைப் பையை இழுத்துக் காட்டினான். அங்கேயும் ஒரு நீல வட்டம் இருந்தது. தம்பி நம்பவில்லை. வாசலில் நின்ற போலீஸ்காரர் இரண்டடி உள்ளே வந்தார்.

“எவன் கிறுக்கினா என்ன சார்? கிறுக்கின ஓட்டு செல்லாது. அப்புறம் ரெண்டு பேரும் சமம். குலுக்கிப் போடுங்க” என்றார் பங்க்காரர்.

தேர்தல் அலுவலர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒருமுறை, இறக்கிவிட்டு ஒருமுறை என அதே பக்கத்தை இருதடவை படித்தார்.

“வெறும் கிறுக்கல்னா செல்லும். இன்னார் போட்டதுன்னு கண்டுபிடிக்கிற மாதிரி பேரோ அடையாளமோ இருந்தாத்தான் செல்லாது. இது யாரோட அடையாளமாவது இருக்குமான்னு பாருங்க.”

சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுபோய்க் காட்டினார். பங்க்காரர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். எண்ணிக்கைக்கு வந்திருந்த டீச்சரும் தோற்றுப்போனாள்.

“மூணாம் வகுப்புப் பசங்க எழுத்தையே படிக்கிறவ சார் நான். இது எழுத்தே இல்ல.”

நர்ஸ் ஒரே ஒரு முறைதான் பார்த்தாள். காலையிலிருந்து அவள் கையில் டிக் டிக்கென்று கேட்டுக்கொண்டிருந்த பேனாவின் சத்தம் நின்றது. முகம் வெளிறிப்போனதைக் கண்டு, தோற்றுவிடுவோம் என்று பயப்படுகிறாள் போல என்று தம்பி தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினான்.

ஜன்னலுக்கு வெளியே, பள்ளிக்கூட கேட்டின் ஓரத்தில் ஒரு கிழவர் குந்தியிருந்தார். தினமும் அவளிடம் இன்சுலின் போட்டுக்கொள்பவர். அவள் பார்ப்பது தெரிந்து, என்னாச்சு என்று கையை விரித்துக் கேட்டார்.

“யாராலயும் சொல்ல முடியல. அப்ப இது செல்லும்” என்றார் அலுவலர். கரும்பலகையிடம் போய், நர்ஸின் 407-இல் கடைசி ஏழை விரலால் அழித்தார். திரும்பாமலே போலீஸ்காரரிடம், எண்ணும்போது சீட்டில் கை வைத்தது பெரிய குற்றம், அந்த மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் விசாரியுங்கள் என்றார்.

“அக்கா, ஆஸ்பத்திரி தப்பிச்சுது” என்று தம்பி காதோடு சொன்னான்.

மருமகனின் தோளில் போலீஸ்காரரின் கை விழுந்தது. அவன் மாமனாரைப் பார்த்தான்; அவர் ஏற்கெனவே யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு நர்ஸைப் பார்த்தான்.

“என் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தப்ப ராத்திரி பகல் பாத்தது நீங்கதான் சிஸ்டர். நீங்களாவது சொல்லுங்க. நான் தொடவே இல்ல.”

அலுவலர் சாக்பீஸை எடுத்து எட்டின் முதல் சுழியைப் போட்டார். பெஞ்சு தரையில் உரசிய சத்தம் கேட்டுக் கையை நிறுத்தினார். நர்ஸ் எழுந்து நின்றிருந்தாள். கேட்டின் பக்கம் அவள் மறுபடி பார்க்கவில்லை.

“அவரை விட்டுடுங்க சார். அது என் ஓட்டு. பழக்கத்துல கையெழுத்துப் போட்டுட்டேன்.”