ஆறு மணிக்குக் காட்ட வேண்டிய பொருள்

ஆறு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கிறது. மாலை வகுப்புப் பையோடு நான் வாசலில் நிற்கிறேன். அக்கா ஜன்னலோர மேசையில் லேப்டாப் முன் இருக்கிறாள். திரையில் ஏழு முகங்கள். எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள். ஆறு மணிக்கு, அடுத்துக் கையில் எடுக்கப்போகும் பொருளை ஆளுக்கொன்றாகக் காட்டிவிட்டு லேப்டாப்பை மூட வேண்டும். அது அந்த அலுவலக வழக்கம். ஒருவர் பூவாளியைத் தூக்குகிறார். ஒருவர் குழந்தையையே தூக்குகிறார். அக்கா டீ டம்ளரைக் காட்டுகிறாள். நான் எண்ணியது சரியென்றால், பதினோரு நாளாக அதே டம்ளர்தான். காட்டிவிட்டு மூடுவாள், அவர்கள் போனதும் மறுபடி வேலைக்குத் திறந்துவிடுவாள். அவள் தெருவில் இறங்கியும் அவ்வளவு நாள் ஆகிறது. இரவில் சரியாகத் தூங்குவதும் இல்லை.

"அந்த டம்ளருக்கு அட்டென்டன்ஸ் போடலாம் போல, ஒரு நாள்கூட லீவு எடுக்கல," என்கிறார் குழுத்தலைவி. சிரிப்பு எழுகிறது. பிறகு அவர் குரல் தணிகிறது. "வேற ஏதாச்சும் காட்டும்மா. நாங்க இருக்கோம், அவசரமில்ல." ஏழு பேரும் காத்திருக்கிறார்கள். அக்கா அறையைச் சுற்றிப் பார்க்கிறாள். எழுந்து என் பக்கம் வந்து, கதவோரம் கிடக்கும் தன் செருப்பை எடுத்து, தூசியை ஊதி, திரைமுன் பிடிக்கிறாள். கைதட்டுகிறார்கள். லேப்டாப்பை மூடுகிறாள்.

செருப்போடு அப்படியே நிற்கிறாள். "நிஜமாவே போட்டுக்கணுமாடி?"

"காட்டியாச்சேக்கா."

வாசலுக்கு வந்து, மேசையை ஒரு தரம் திரும்பிப் பார்க்கிறாள். செருப்பு வார் விறைத்துப்போயிருக்கிறது, கால் நுழைய நேரமாகிறது. எனக்கு வகுப்பு தொடங்கியிருக்கும். அவள் இரண்டாவது காலையும் நுழைக்கும்வரை கதவைத் திறந்தபடி பிடித்திருக்கிறேன்.