புகார்க் கடிதம்

பள்ளியின் புகார்ப் பெட்டியில் கிடந்த பெயரில்லாத கடிதத்தோடு ஆலோசகர் அக்னஸ் மூன்று நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். 'பாப்பாவை அவரு பெல்ட்டால அடிக்கிறாரு.' பிள்ளைகளின் நோட்டுகளையெல்லாம் புரட்டிவிட்டாள். இடப்பக்கம் சாய்ந்த அந்த எழுத்து எந்தப் பிள்ளையுடையதும் இல்லை.

பெற்றோர் கழகத் தலைவர் மணிமாறன் மனைவியோடு வந்து நின்றார்.

"எவளோ கிறுக்கினதுக்குப் புள்ளைங்க நோட்டையெல்லாம் நோண்டிக்கினு இருக்கியா? அதைக் கிழிச்சுப் போடு."

"மாட்டேன் சார்."

"விழுப்புரம் கல்வி ஆபீசுல சொல்லி உன்னை வேலைய விட்டே தூக்கிடுவேன்."

"தூக்குங்க. கடுதாசி பத்திரமா இருக்கும்."

"புனிதா, இவ மேல ஒரு புகார் எழுது. என் எழுத்து கோழி கிளறின மாரி இருக்கும்."

மனைவி புனிதா தலைநிமிராமல் எழுதினாள். அவர் கீழே கையெழுத்துப் போட்டு மேசையில் வீசினார்.

அக்னஸ் பார்த்தாள். ஒவ்வோர் எழுத்தும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. நிமிர்ந்தபோது புனிதா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதினவங்ககிட்ட நான் தனியா பேசணும் சார். நீங்க வெளிய இருங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"உக்காருங்கம்மா. பாப்பா கிளாசுலதான் இருக்கா. இன்னைக்கு அவரு கூட அனுப்பறதா இல்ல."