மாமா கூப்பிடாத பெயர்

மைக்கைப் பிடித்து அவர் வாசித்த பெயர் அக்கா மகனுடையது இல்லை.

அரங்கம் 'உச்' கொட்டியது.

அவர் ஒரு காலத்தில் கூடைப்பந்து நட்சத்திரம். பட்டப்பெயர் ஏணி. உயரம் ஆறடி ஏழங்குலம். போட்டி மலர்களில் மட்டும் ஆறடி ஒன்பது. மிச்ச இரண்டங்குலம் ஷூவுக்கும் விளம்பரத்துக்கும் பொது. முழங்கால் ஓய்வு கேட்டபிறகு, ஆடிய அணிக்கே மேனேஜர் ஆனார்.

முன்பு பந்தைக் கூடைக்குள் போட்டார். இப்போது ஆட்களை அணிக்குள் போடுகிறார். எது கஷ்டம் என்று யாராவது கேட்டால், "பந்துக்கு அம்மா கிடையாது" என்பார்.

அன்று புதுமுகத் தேர்வு. எட்டு அணிகள், அணிக்கு ஒரு பையன், யோசிக்க ஐந்து நிமிடம். போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. அந்தப் பெருமை ஏணியின் அணிக்கு.

அக்கா மகன் கல்லூரி ஆட்டங்களில் அதிகப் புள்ளி எடுத்தவன். வயது வரம்புப்படி இதுவே அவனுக்குக் கடைசித் தேர்வு. எட்டுப் பெயருக்குள் வராவிட்டால் அவன் கூடைப்பந்தை மறந்துவிட வேண்டியதுதான்.

ஏணியோ வேறொரு பையனைக் கூப்பிட்டுவிட்டார். கதவில் குனிந்து நுழைகிற பையன்.

பயிற்சியாளர் அவர் காதைக் கடித்தார். "சார், நமக்கு வேண்டியது கூடைக்கடியில நிக்கிற ஆள்தான். அதுல சந்தேகமே இல்ல. ஆனா இன்னிக்கு எந்த வாசல் வழியா வீட்டுக்குப் போவீங்க?"

ஏணி மைக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்த வாய்ப்பு குட்டையாருக்கு. ஏணியோடு பத்து வருடம் ஒரே அணியில் ஆடியவர். இந்த வருடம்தான் எதிரணிக்கு மேனேஜராக வந்திருக்கிறார். கத்துக்குட்டிகளை ஆட்டக்காரர்களாக்குவதில் அவரை அடிக்க ஆளில்லை. சந்தேகப்படுவதிலும்தான்.

அவருடைய பென்சில் அக்கா மகன் பெயரில் நின்றது.

"சொந்த மாமனே தொடலைன்னா உள்ள ஏதோ கோளாறு," என்றார் உதவியாளரிடம். "முழங்காலா இருக்கும்."

பென்சில் அடுத்த பெயருக்கு நகர்ந்தது.

அப்போதுதான் பார்வையாளர் வரிசையிலிருந்து அக்கா இறங்கி வந்தாள். கைப்பை கக்கத்தில், கண் தம்பிமேல்.

"ஏண்டா, என் பிள்ளைக்கு என்ன குறைச்சல்?"

"அக்கா, இங்க வேணாம்."

"இங்கதான் வேணும். கால் சரியில்லையா? முழங்கால், கணுக்கால், இடுப்பு, கண்ணு, எல்லாத்துக்கும் டாக்டர் நேத்து கொடுத்த சர்டிபிகேட் இருக்கு. படிச்சுப் பாரு."

"டீமுக்கு உயரமான ஆள் தேவைக்கா."

"உயரமா? பரண்ல இருக்கிற டப்பாவை எடுத்துக் கொடுத்ததைத் தவிர உன் உயரம் நம்ம வீட்டுக்கு எதுக்குடா உதவியிருக்கு?"

அரங்கமே சிரித்தது. மைக் இன்னும் ஏணியின் கையில்தான் இருந்தது. அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"நீ பத்து வருஷம் ஓடி வாங்கின பேரை இவன் ரெண்டே வருஷத்துல வாங்கிடுவான்னு பயம். வேற என்ன? வயித்தெரிச்சல்."

ஏணி தலையைக் குனிந்துகொண்டார். ஆறடி ஏழங்குலம் தலைகுனிந்தால் கடைசி வரிசைக்கும் தெரியும்.

அக்கா வீசி எறிந்த சர்டிபிகேட் குட்டையாரின் மேஜையில் போய் விழுந்தது. அவர் அதை எடுத்துப் படித்தார். முத்திரையைத் தடவினார். பின்பக்கம் திருப்பி, ஒன்றுமில்லாத இடத்தையும் படித்தார்.

"இன்னும் நாற்பது வினாடி," என்றார் மேஜை நடுவர்.

"கோளாறு முழங்கால்ல இல்ல, குடும்பத்துலதான்," என்று உதவியாளரிடம் கிசுகிசுத்துவிட்டு, குட்டையார் எழுந்து அக்கா மகன் பெயரைச் சொன்னார்.

பையன் இரண்டு நாற்காலிகளைத் தாண்டிக் குதித்தான். மூன்றாவது நாற்காலி அவனோடு சேர்ந்து விழுந்தது. அவன் எழுந்திருக்கும்வரை அரங்கம் கைதட்டியது. எழுந்தபிறகு இன்னும் பலமாகத் தட்டியது.

குட்டையார் பல்லெல்லாம் தெரிய வந்தார். "ஏணி, வீட்டுக்குள்ள இருந்த வைரத்தைக் கோட்டை விட்டுட்டியேடா. இவன் நான் கண்டுபிடிச்ச பையன். நாளைக்குப் பேப்பர்ல பாரு."

"கொடுத்து வச்சவன் நீ," என்றார் ஏணி, தரையைப் பார்த்தபடி.

பயிற்சியாளர் பரிதாபத்தோடு பார்த்துக்கொண்டிருக்க, அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏணியின் காரில் ஏறினாள். ஏணி தன்னை மூன்றாக மடித்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் நுழைத்துக்கொண்டார்.

கேட் தாண்டியதும் அக்கா குலுங்க ஆரம்பித்தாள். ஏணி ஓரமாக வண்டியை நிறுத்தினார். சிரிப்பில் அவருக்கு ரோடு தெரியவில்லை.

"அக்கா, பிள்ளைகிட்ட மூச்சு விட்டுடாதே."

"நான் ஏண்டா சொல்லப்போறேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அக்கா. "உன் டீம்ல சேர்ந்திருந்தா காலத்துக்கும் மாமன் தயவுல வந்தவன்னுதான் சொல்லியிருப்பாங்க. அந்தப் பேரு வேணாம்னுதானே ரெண்டு வாரமா உன் வீட்டுச் சமையலறையில நின்னு உன்னைத் திட்டிப் பழகினேன்."