வியாழக்கிழமையைத் தாண்டாத கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் மறுபடி உயிர்பெற்றதும் திரையில் ஒரு கறுப்புப் பெட்டி கண் சிமிட்டும் நேரம் தோன்றி மறைந்தது. மூலையில் இருந்த தேதி, பழையபடி என்றைக்கோ கடந்துபோன அதே வியாழக்கிழமையில் போய் உட்கார்ந்துகொண்டது.

சர்வீஸ் பெண்ணுக்கு எரிச்சலாக வந்தது. உள்ளே தேதியைத் தக்கவைக்கும் சின்ன பேட்டரியை மாற்றிவிட்டாள், தேதியையும் ஒரு முறை திருத்திவிட்டாள். தேதி தப்பாக இருக்கும்வரை வீடியோ கால் போகாது. அதற்காகத்தான் இந்த வீட்டு டீச்சர் அவளை வரச் சொல்லியிருந்தார்.

அதுவும் கணவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவருடைய போனிலிருந்து. டீச்சருக்கென்று தனியாகப் போன் கிடையாதாம்.

"நாளைக்குப் பையன் வர்றான்மா. வெளிநாடு போனவன், இப்பத்தான் முதல் தடவையா வர்றான். அதுவரைக்கும் பொறுக்க முடியலை, இன்னைக்கே முகத்தைப் பார்த்துடணும்" என்றார் டீச்சர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "நானும் ஸ்கூல்ல கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தவதான். இப்பல்லாம் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே மண்டையைப் பிளக்குது."

"ஏதோ பேட்ச் ஃபைல் ஓடுது டீச்சர். ஆன் பண்ணும்போதெல்லாம், யாரோ எழுதி வெச்சதை அப்படியே செய்யுது."

டீச்சர் சிரித்தார். "பேட்ச் ஃபைல் எழுதச் சொன்னா பசங்க மளமளன்னு எழுதிடுவாங்க. ரெம்னு போட்டு கூடவே ஒரு குறிப்பு எழுதுங்கடான்னு தலைபாடா அடிச்சுக்குவேன். கம்ப்யூட்டர் அந்த வரியைக் கண்டுக்காது, அது மனுஷனுக்கு. இன்னைக்கு நீ எழுதினது நாளைக்கு உனக்கே ஞாபகம் இருக்காதுடான்னு சொல்லுவேன்."

வாசற்படியில் கைகட்டி நின்றிருந்த கணவர் குறுக்கிட்டார். "நீ போய்ப் பையன் ரூம்ல தலையணை உறையை மாத்து."

டீச்சர் மறுபேச்சில்லாமல் எழுந்து போனார். அவர் தலை மறைந்ததும் மனிதர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தேதி கீதின்னு அவகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. ரிப்பேர்னு சொல்லிட்டுக் கிளம்புங்க. தூங்கி எழுந்தா மறந்துடுவா."

சர்வீஸ் பெண்ணுக்குச் சுருக்கென்றது. அவளும் ஒரு காலத்தில், போனைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் புருஷனோடு குப்பை கொட்டிவிட்டு வந்தவள்தான். இந்த ஜாதி ஆண்களை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கணவர் டீ போட உள்ளே போனதும், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது தானாக ஓடும் ஃபைல்களைத் தேடினாள். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. திறந்து பார்த்தால் மூன்றே வரி. ஒன்று தேதியை அந்த வியாழக்கிழமைக்கு மாற்றியது. இன்னொன்று, அது தானாகச் சரியாகிவிடாமல் தடுத்தது. மூன்றாவது ரெம் போட்ட வரி, ஆங்கில எழுத்தில் தமிழ்.

'இதைப் பார்த்துட்டா எதுவும் கேக்காதே. மூடிட்டுப் போய்ப் படு.'

படுபாவி! மகன் முகத்தைக்கூடப் பெற்றவள் பார்க்கக் கூடாதென்று இப்படியும் ஒரு ஏற்பாடா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபைலை அழித்தாள். தேதியை இன்றைக்கு மாற்றினாள்.

டீயோடு வந்தவர் திரையைப் பார்த்தார். தட்டில் பாதி டீ கொட்டிவிட்டது.

"ஐயோ, என்னம்மா பண்ணீங்க? அவ வர்றதுக்குள்ள பழையபடி வெச்சிடுங்க."

"மாட்டேன் சார். ஒரு தாய் அவ பையனைப் பார்க்கக் கூடாதா?"

அவர் டீச்சரின் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கேம்மா பார்க்கறது? அந்த வெள்ளிக்கிழமை அவனைக் கூட்டிக்கிட்டு வர்றப்போ லாரி மோதிடுச்சு. அவன் அங்கேயே போயிட்டான். பக்கத்துல இருந்தவளுக்குத் தலையில அடி. அதுக்கப்புறம் எதுவும் அவ மனசுல தங்கறதில்லை. தினமும் தூங்கி எழுந்தா அவளுக்கு வியாழக்கிழமைதான்."

சர்வீஸ் பெண் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். திரையிலிருந்த குப்பைத்தொட்டியைத் திறந்து, அழித்த ஃபைலை மீட்டெடுத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். கறுப்புப் பெட்டி தோன்றி மறைந்தது. வியாழக்கிழமை திரும்பி வந்தது.

உள்ளிருந்து டீச்சரின் குரல் கேட்டது. "சரியாயிடுச்சாம்மா? பையனைப் பார்க்கலாமா?"

கணவர் முந்திக்கொண்டார். "லைன் கிடைக்கலையாம். விடு, நாளைக்குத்தான் நேர்லயே வந்துடப் போறானே."

"அதுவும் சரிதான்" என்றார் டீச்சர் சந்தோஷமாக. தலையணையைத் தட்டும் சத்தம் தொடர்ந்தது.

சர்வீஸ் பெண் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அழுகையை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. ஆனாலும் ஒன்று மட்டும் அவளுக்கு ஆறவில்லை.

"தெரியாம பண்ணிட்டேன் சார், மன்னிச்சிடுங்க. ஆனா அந்தக் கடைசி வரி... அவங்களுக்கு இதெல்லாம் படிக்கத் தெரியும். கண்ணுல பட்டா மனசு என்ன பாடுபடும்? அவ்வளவு கடுமையாவா எழுதுவீங்க?"

"எனக்கு இதை ஆன் பண்ணக்கூடத் தெரியாதும்மா." அவர் மகனின் அறைப் பக்கம் பார்த்தார். "ஒரே ஒரு தடவை அவகிட்ட உண்மையைச் சொன்னேன். பகல் பூரா கதறினா. தூங்கினா மறந்துடும்னு நான் சொன்னதும், கண்ணைத் துடைச்சுக்கிட்டு இது முன்னாடி வந்து உட்கார்ந்தா."

சர்வீஸ் பெண் பையைக் கீழே வைத்தாள்.

"அந்த வரி, அவ அவளுக்கே எழுதிக்கிட்டதும்மா."