பின்வரிசைக் குடைமிளகாய்

முதலில் அழுதவர் பல் டாக்டர்.

அடுத்து நூலகக்காரம்மா. அதற்கடுத்து பஸ் டிரைவர். லாரி வந்து இடித்தபோதுகூடக் கண் கலங்காத மனிதர்.

பொதுத் தோட்டத்தில் அன்று அறுவடை விருந்து. பாத்திக்கு ஒரு தட்டு என்று கணக்கு. வக்கீல் வர நேரமாகும் என்று தெரிந்ததும், அவர் பாத்தியில் நாலு குடைமிளகாய் பறித்து நறுக்கி வைக்கும் வேலையைப் பெயிண்டர் தானாகவே இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். பக்கத்துப் பாத்தி அவருடையது. போதாததற்கு வக்கீல் அவருக்குச் சம்பந்தி. பெண்ணைக் கொடுத்த இடத்துக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

முன்வரிசைக் காய்கள் தலையணைபோல் உப்பிக் கிடந்தன. பின்வரிசையில்தான் ஒல்லியாக, பளபளவென்று, ஆளை இழுக்கிற மாதிரி இருந்தன. சுற்றிலும் நூல் கட்டியிருந்தது. பூனைக்காக இருக்கும் என்று நினைத்து நூலைத் தாண்டினார். வரிசையையே மொட்டையடித்துவிட்டார்.

குடைமிளகாய்தானே என்று எல்லாரும் கை நிறைய அள்ளி வாயில் போட்டார்கள்.

இப்போது கொட்டகை முழுக்க மூக்குறிஞ்சல். குழாயடியில் தள்ளுமுள்ளு.

என்னதான் ஆச்சு என்று பெயிண்டரும் ஒரு துண்டை எடுத்து மென்றார். நுனிநாக்கில் ஒன்றுமில்லை. நடுநாக்கிலும் ஒன்றுமில்லை. பிறகு தொண்டைக்குப் பின்னாலிருந்து நிதானமாகக் கிளம்பி, இரண்டு காது வழியாகவும் வெளியே போனது.

இந்த நடை அவருக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். இது அவர் பாத்தி மிளகாயின் நடை.

மிச்சமிருந்த முழுக்காய் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். நுனி நீண்டு, லேசாக வளைந்திருந்தது. தொட்டிலை எட்டிப் பார்த்து 'மூக்கு எங்க பக்கம்' என்று உரிமை கொண்டாடும் உறவுக்காரரைப்போல அவருக்கு நெஞ்சு விரிந்தது. டாக்டர் விக்கலுக்கு நடுவே, இது என்ன ரகம் என்று விசாரித்தார். 'நம்முது' என்று வாய் வரை வந்ததைப் பெயிண்டர் விழுங்கினார். அதுவும் காரமாகத்தான் இறங்கியது.

தான் செய்த காரியம் நினைவுக்கு வந்தது அப்புறம்தான்.

போன வருடம் வக்கீலின் செடிகளில் பூவெல்லாம் பிடிக்காமல் உதிர்ந்தது. மனசு கேட்கவில்லை. தன் மிளகாய்ப் பூக்களுக்கு மகரந்தம் தொட்டுவிடும் சின்ன பிரஷ்ஷோடு அப்படியே வரப்பைத் தாண்டி, அங்கேயும் ஒரு கோட் அடித்துவிட்டார். நிறம் மாற்றும்போது பிரஷ்ஷைக் கழுவாத ஆளை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்புகிறவர், தன் பிரஷ்ஷைக் கழுவவில்லை. அந்தக் காய்களிலிருந்து விதை எடுத்துத்தான் வக்கீல் இந்த வருடம் பின்வரிசையை விதைத்திருக்கிறார்.

சண்டை வரும். வந்தால் அவருக்கு ஒன்றுமில்லை, நாலு வார்த்தை வாங்கிக்கொண்டு போவார். ஆனால் பெண் அந்த வீட்டில் இருக்கிறாள்.

சின்ன வயதில் பள்ளிக்கு ஓடுகிற அவசரத்திலும் ஒரு பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டுதான் அவள் சாப்பிடுவாள். வாழப்போன இடமோ, மிளகு டப்பாவைத் திறந்தாலே வீட்டோடு தும்முகிற குடும்பம். அவளை நினைத்துத்தான் பெயிண்டர் இந்தப் பாத்தியையே எடுத்தார். விளைந்ததை ஊருக்கெல்லாம் கொடுத்தார். அவளுக்கு மட்டும் ஒன்றுகூட அனுப்பவில்லை. பெண்ணைப் பெற்றவன் மிளகாய் அனுப்பினால், 'உங்கள் சமையலை வாயில் வைக்க முடியவில்லை' என்று வக்கீலுக்கே நோட்டீஸ் விட்ட மாதிரி ஆகிவிடும்.

வயிறாரச் சாப்பிடுகிறாளா? அவளிடம் கேட்டால், நல்லா இருக்கேன்ப்பா என்பாள். கேட்டதற்கு அதுவா பதில்? வக்கீலிடம் கேட்டால், ஏன், அவளுக்கு என்ன குறை என்று திருப்பிக் கேட்பார். கல்யாணமான நாளிலிருந்து வரப்புக்கு இரண்டு பக்கமும் நின்று எவ்வளவோ பேசியாகிவிட்டது. ஒரு நேர்ப்பதில் கிடைத்ததில்லை. கேள்வி கேட்டே மாடி வீடு கட்டியவரிடம் பதில் வாங்குவது லேசா?

வக்கீல் வந்தார்.

தட்டைப் பார்த்தார். அழுதுகொண்டிருந்தவர்களைப் பார்க்கவேயில்லை. நேராகத் தன் பாத்திக்குப் போய், நூலுக்கு வெளியே, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுகூட விட்டு வைக்கலையா, சம்பந்தி?"

பின்னாலேயே போன பெயிண்டர் நெற்றியைத் தேய்த்தார். மிளகாய் நறுக்கிய விரல் கண்ணில் பட்டு எரிந்தது. நல்லதாகப் போயிற்று, இனி அவரும் அழலாம்.

பிரஷ் கதையை ஆரம்பித்தார். வக்கீல் கையமர்த்தினார். முதல் காயைக் கடித்த அன்றைக்கே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டதாம். புரிந்துமா பிடுங்கிப் போடாமல் நூல் கட்டி வளர்த்தீர்கள் என்று பெயிண்டர் கேட்டார்.

ஏன், பிடுங்கணுமா என்று பழக்கதோஷத்தில் தொடங்கிய வக்கீல், பாதியில் நிறுத்தினார். குனிந்து, காய் இல்லாத செடி ஒன்றை நிமிர்த்தி வைத்தார்.

"அது உங்க பொண்ணோட வரிசை. வந்த நாள்லேர்ந்து, போட்டதச் சாப்பிட்டுட்டு சத்தமில்லாம எழுந்து போயிடுவா. நல்லா இருந்துச்சு மாமான்னு வேற சொல்லுவா. எங்களுக்குப் புரியாதா? போன மாசம் இதுல ஒண்ண எடுத்துக் கடிச்சா. அன்னைலேர்ந்து, வேலை முடிஞ்சு வந்து செருப்பக் கழட்டும்போதே, பசிக்குது மாமா, இன்னைக்கு என்னன்னு வாசல்லேர்ந்து கத்துறா. இப்ப வந்து கத்துவாளே, நான் எதக் குடுக்கிறது?"